மறு: ஹெட்ஃபோன் ‘பிரேக்-இன்’ – பதப்படுத்தலா, பழக்கோட்டமா?

குழுவினருக்கு வணக்கம். புதிய ஹெட்ஃபோனை முதலில் நெடுநேரம் ஓடவிட்டால் ஒலி மேம்படும் என்பார்கள். அப்படி ஓடவிடுவதைத்தான் ஆங்கிலத்தில் ‘பிரேக்-இன்’, ‘பர்ன்-இன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் தம்பி கேட்டது இது:

> ‘பர்ன்-இன்’ என்பதற்கு எரியூட்டல், ‘பிரேக்-இன்’ என்பதற்குப் பதப்படுத்தல் என்று வைத்துக்கொள்ளலாமா?

எரியூட்டல் வேண்டாம் தம்பி. பாலாற்றங்கரையில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது.

பதப்படுத்தல் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் ராணிப்பேட்டைக்காரர், உங்களுக்குத் தெரியாததா? பச்சைத்தோல் அழுகும், பதனிட்ட தோல் அழுகாது. பதம் என்று சொன்னாலே பொருள் மாறிவிட்டது என்றாகிவிடும். ஹெட்ஃபோனில் அப்படி ஏதாவது மாறுகிறதா என்பதுதானே வழக்கே! தீர்ப்பைச் சொல்லே எழுதிவிடக் கூடாது.

சத்துவாச்சாரியில் ஸ்பீக்கர் ரிப்பேர் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஊஃபரில், அதாவது பேஸ் ஒலிக்கும் பெரிய ஸ்பீக்கரில், மாற்றம் உண்மை. ஒலியெழுப்பும் கூம்பான கோனுக்குப் பின்னால், அதை ஆட்டும் கம்பிச்சுருளான காயிலைப் பிடித்திருக்கும் ஸ்பைடர், பிசின் ஏற்றி நெளிநெளியாக அழுத்திய துணி. புதிதில் விறைப்பாக இருக்கும். நன்றாக ஆடவிட்டால் இளகி, ஒத்ததிர்வு அதிர்வெண் (அது இயல்பாகவே அதிகம் அதிரும் சுருதி) கொஞ்சம் இறங்கும். அளந்தே பார்க்கலாம். சாதாரண ஹெட்ஃபோனில் ஒலியெழுப்பும் பாகமான டிரைவரைப் பிரித்தால் ஸ்பைடரே இருக்காது. மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதில் ஒட்டிய காயில், அவ்வளவுதான். அது ஆடும் தூரமும் அற்பம். ஹெட்ஃபோன்களை அளந்து எழுதிய இன்னர்ஃபிடெலிட்டி இணையதளத்தை நடத்திய டைல் ஹெர்ட்சன்ஸ், ஏகேஜி க்யூ701 ஹெட்ஃபோனை நெடுநேரம் ஓடவிட்டு அளந்து பார்த்தார். கிடைத்த வித்தியாசம் மிகச் சிறியது. ஹெட்ஃபோனை அளவுத்தலையிலிருந்து (அளப்பதற்கான செயற்கைத் தலை) கழற்றி மறுபடி மாட்டினாலே அதைவிடப் பெரிய வித்தியாசம் வந்துவிடும்.

நிஜமாக மாறுவது காதுத்திண்டு. அந்த ஸ்பாஞ்சும் ரெக்சினும் உடல்சூட்டில் இளகி, காதுக்குக் கீழே தாடையோரம் படிய ஆரம்பித்தால் இடுக்கு அடைபட்டு பேஸ் கூடும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் பாட்டு ஓடும்போதே கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். காம்பு தூக்கிப் பிடித்திருந்த இடம் மூடிக்கொண்டதும் அடிநாதம் சட்டென்று வந்து உட்காரும். தம்பியின் ‘பதம்’ திண்டுக்கு வேண்டுமானால் பொருந்தும்.

மீதி நம் காதின் வேலை. ஆம்பூர் ஷூவை நாலு நாள் போட்டதும் “பழகிடுச்சு” என்கிறோம். தோல் தளர்ந்ததா, கால் காய்த்ததா என்று யாரும் பிரித்துக் கேட்பதில்லை. பழகியது யார் என்று சொல்லாமல் விடுவதால்தான் என் ஓட்டு ‘பழக்கோட்டம்’ என்பதற்கு. ஸ்பைடர், திண்டு போல அளக்கக்கூடிய மாற்றத்துக்கு ‘இளக்கம்’, கேட்பவர் பக்கத்துக்கு ‘செவிப்பழக்கம்’ என்று தனித்தனியாக வைத்துக்கொண்டால் சண்டையும் குறையும்.

சண்டை என்றதும் ஒன்று. “100 மணி நேரம் ஓடட்டும் சார், அப்புறம் பாருங்க” என்று கடையில் சொல்லி அனுப்புகிறார்கள். தினம் 2 மணி நேரம் கேட்டால் அது 50 நாள். திருப்பிக் கொடுக்கும் கெடு அதற்குள் போயே போய்விடும். நன்றாக இல்லை என்றால் முதல் வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

– சத்துவாச்சாரியிலிருந்து

---

அண்ணா, இளக்கம், செவிப்பழக்கம் இரண்டும் எனக்குச் சம்மதம். பழக்கோட்டம்தான் கொஞ்சம் இடிக்கிறது. என் வகுப்புப் பிள்ளைகள் ‘பழக் கோட்டம்’ என்று பிரித்து, தோட்டக்கலைத் துறையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். ‘பழக்க ஓட்டம்’ என்று விட்டே எழுதலாமா?

– ஆம்பூர் ஆசிரியை

---

தாராளமாக எழுதலாம்மா. இணைய அகராதியான விக்சனரியில் ஏற்றும்போது விளக்கம் இப்படி இருக்கட்டும்: “புதிய ஒலிக்கருவியைத் தொடக்கத்தில் நெடுநேரம் ஒலிக்கவிடுதல்.” ‘ஒலியை மேம்படுத்த’ என்று மட்டும் யாரும் நடுவில் செருகாதீர்கள்.