வீட்லயே பழைய கார் மாத்தி ஓட்டுறவங்க அனுபவம்: சார்ஜ் ஏறாத பத்மினி

சேலம், பத்மினி 1978

என்னோடது 78 மாடல் பிரீமியர் பத்மினி, 1089 சிசி இன்ஜின், கியர் லிவர் ஸ்டியரிங் பக்கத்துல இருக்கும். எனக்கு முன்னாடி வச்சிருந்தவர் நிறைய மாத்தியிருந்தார், பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தற பழைய டைனமோவை எடுத்துட்டு புது வகை ஆல்டர்னேட்டர், ஸ்பார்க்குக்கான பிளாட்டினம் பாயிண்டுக்குப் பதிலா எலக்ட்ரானிக் இக்னிஷன், அதுக்குத் தனி ரிலே (கரண்ட் குடுத்தா இழுத்துக்கற சுவிட்ச்), டேஷ்போர்டு பூரா எல்இடி பல்பு. இதெல்லாம் தேவையான வேலை தான். டைனமோ ஐடிலிங்ல சார்ஜே பண்ணாது, மழை ராத்திரில ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டுக்கிட்டு சிக்னல்ல நின்னா மொத்தமும் பேட்டரில இருந்து தான் போகும், தினமும் ஓட்டணும்னா ஆல்டர்னேட்டர் போட்டே ஆகணும்.

பிரச்சனை என்னன்னா ஆல்டர்னேட்டர் போட்டும் பேட்டரி இறங்கிக்கிட்டே இருந்துச்சு. ஊர்ல ஒரு எலக்ட்ரீஷியன் பேட்டரி போயிருச்சுன்னார், புதுசு போட்டோம். இன்னொருத்தர் வோல்ட்டைக் கட்டுப்படுத்தற ரெகுலேட்டர்னார், அதையும் மாத்தினோம். ஆனா ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கிட்டே இருந்தது, ஏற்காடு போயிட்டு வந்தா மறுநாள் செல்ஃப் ஜம்முனு எடுக்குது, கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வந்தா மட்டும் மறுநாள் தள்ள வேண்டியிருக்கு. ஆல்டர்னேட்டர் கெட்டுப்போயிருந்தா ஏற்காடு போனாலும் அதே கதி தானே?

மல்டிமீட்டரை பேட்டரில வச்சு வண்டியை ஸ்டார்ட் பண்ணி வீட்டு வாசல்லயே நிறுத்திப் பார்த்தேன். ஐடிலிங்ல 12.3 வோல்ட் தான் காட்டுது, அதாவது சார்ஜ் இல்ல. போனட்டைத் திறந்து வச்சுக்கிட்டு கார்ப்பரேட்டர்ல ஆக்சிலரேட்டர் லிவரை கையால மெதுவா இழுத்துக்கிட்டே வந்தேன், 12.3, 12.3, நல்லா சத்தம் ஏறின ஒரு இடத்துல படக்குனு 14.1, அப்புறம் லிவரை விட்டு ஐடிலிங்குக்கு வந்தும் 14லயே நிக்குது! ஆல்டர்னேட்டர் நல்லா தான் இருக்கு, ஆரம்பத்துல முழிக்க மட்டும் மாட்டேங்குது.

இந்த வகை ஆல்டர்னேட்டர்ல தடிச்ச வயர் ஒன்னு பேட்டரிக்குப் போகும், மெல்லிசு ஒன்னு டேஷ்போர்டு சார்ஜ் விளக்குக்குப் போகும். அந்த சிவப்பு விளக்கு நமக்குத் தகவல் சொல்றதுக்கு மட்டும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. சாவி போட்டதும் அந்த பல்பு வழியா வர்ற கரண்ட் தான் ஆல்டர்னேட்டர் உள்ள சுத்தற ரோட்டருக்குள்ள முதல் காந்தத்தை உண்டாக்குது, அதுக்கப்புறம் தான் அது தன் கரண்ட்லயே ஓடும். பழைய 2 வாட் பல்புல கிட்டத்தட்ட 0.17 ஆம்பியர் போகும். எல்இடில போறது அதுல பத்துல ஒரு பங்கு கூட வராது, அது பத்தல. ஹைவேல ஆர்பிஎம் ஏறினா ரோட்டர் இரும்புல மிச்சம் இருக்குற காந்தத்தை வச்சே அது எழுந்துக்கும், கடைத்தெருல ஏறாது. ஒரு சின்ன பல்பு தான், அதுக்காக ஒரு பேட்டரியும் ஒரு ரெகுலேட்டரும் வாங்கியாச்சு.

பழைய பல்பைத் திரும்ப மாட்டினேன், ஸ்டார்ட் ஆன உடனே 14.1. ஆனா சாவியை ஆஃப் பண்ணா இன்ஜின் நிக்கல!! சாவியைக் கையில எடுத்துட்டேன், வண்டி பாட்டுக்கு ஓடுது, சார்ஜ் விளக்கு மங்கலா எரியுது. கியரைப் போட்டு பிரேக்கை மிதிச்சு கிளட்சை விட்டு தான் அணைச்சேன். அந்த மங்கல் வெளிச்சத்துலயே பதில் இருந்துச்சு. ஆல்டர்னேட்டர்ல இருந்து கரண்ட் பல்பு வழியா தலைகீழா வந்து இக்னிஷன் ரிலேவைப் பிடிச்சு வச்சிருக்கு, ரிலே ஒருதடவை இழுத்துட்டா விடாம இருக்க கொஞ்சம் வோல்ட்டே போதும். எல்இடி ஒரு பக்கம் மட்டும் விடும்ங்கறதால இத்தனை நாள் இது தெரியவே இல்ல. ரேடியோ கடைல கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடற 1என்4007 டயோடு ஒன்னு வாங்கி, வெள்ளைக் கோடு ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்கற மாதிரி அந்த மெல்லிசு வயர்ல சால்டர் பண்ணி ஸ்லீவ் போட்டேன். இப்ப சாவி திருப்பின நொடில நிக்குது.

மதுரை, அம்பாசிடர்

அண்ணே அருமையா சொன்னீங்க. எங்க வீட்டு அம்பாசிடர்ல நடந்ததையும் எழுதறேன், வண்டி அப்பாவோடது, 1489 சிசி பெட்ரோல். இன்ஜின் இறக்கி சிலிண்டர் போர் வேலை முடிச்சு பெயின்ட் எல்லாம் அடிச்சு ஏத்திக் குடுத்தாங்க, ரெண்டே வாரத்துல செல்ஃப் மெதுவா முனக ஆரம்பிச்சுது. செல்ஃப் மோட்டாரைக் கழட்டி கார்பன் பிரஷ் மாத்திப் பார்த்தோம், அதே முனகல். ஒருநாள் காலைல ஸ்டார்ட் அடிக்கும்போது டேஷ்போர்டு பக்கம் பொசுங்கற வாடை, சோக் கேபிளைத் தொட்டா கை சுடுது, மேல இருந்த பிளாஸ்டிக் உறை உருகி சொட்டிக்கிட்டு இருக்கு.

இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல உக்காந்திருக்கு, அதனால பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவுல ஒரு பின்னல் எர்த் பட்டை கண்டிப்பா வேணும், ஏத்தும்போது அதை மாட்டாம விட்டிருக்காங்க. செல்ஃப் இழுக்கற நூறு ஆம்பியருக்கு மேலான கரண்ட் திரும்பிப் போக வழி இல்லாம, டேஷ்போர்டுல இருந்து இன்ஜினுக்குப் போற சோக் கேபிள் கம்பி வழியா போயிருக்கு. நல்லவேளை பக்கத்துல பெட்ரோல் கசிவு எதுவும் இல்ல, இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இப்பவும் நெஞ்சு படபடக்குது.

இதைக் கண்டுபிடிக்கற டெஸ்ட் ரொம்ப சுலபம். மல்டிமீட்டரோட ஒரு முனை பேட்டரி மைனஸ்ல, இன்னொன்னு இன்ஜின் பிளாக்ல, ஒருத்தர் செல்ஃப் அடிக்கணும். அரை வோல்ட்டுக்குள்ள இருந்தா சரி, எங்களுக்கு 4 வோல்ட் காட்டுச்சு. புதுப் பட்டை போடும்போது பெயின்ட் மேலயே போல்ட் போட்டுறாதீங்க, எமரி தாள் போட்டு இரும்பு பளிச்சுனு தெரியற வரைக்கும் தேய்ச்சு, மாட்டி முடிச்சதும் மேல கிரீஸ் தடவுங்க.

சென்னை, பத்மினி 1974

ரெண்டு பேருக்கும் நன்றி. எனக்கு ஒரு சந்தேகம், என்னோடது 74 மாடல், இதுவரைக்கும் எல்லாமே ஒரிஜினல். புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைல ஒரு மாருதி இன்ஜின் பேசி வச்சிருக்கேன், மாத்திரலாமா?

சேலம், பத்மினி 1978

தம்பி, தயவுசெஞ்சு அவசரப்படாதீங்க. உங்க வண்டி 50 வருஷம் தாண்டிருச்சு. 2021ல வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருஷத்துக்கு மேல ஆன வண்டியை விண்டேஜ்னு பதிவு பண்ணலாம், நம்பர்ல விஏன்னு வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனா சேஸிஸ், பாடி, இன்ஜின் ஒரிஜினலா இருக்கணும், பெரிசா மாத்தியிருந்தா தரமாட்டாங்க. அதே சமயம் அந்தப் பதிவுல தினசரி ஓட்ட முடியாது, ஷோ, ரேலி, பெட்ரோல் போட, சர்வீஸுக்குன்னு தான் வெளிய எடுக்கலாம். அதனால எதுக்கு வண்டி வேணும்னு முதல்ல வீட்ல பேசி முடிவு பண்ணுங்க. இன்ஜின் மாத்துறதா இருந்தாலும் ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சில ஏத்தணும், இல்லன்னா ஒரு விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரங்க கிட்ட நிக்க முடியாது.

என் கருத்து கேட்டீங்கன்னா அந்த இன்ஜினை விட்ருங்க. ஆல்டர்னேட்டர் போடுங்க, கழட்டின டைனமோவையும் அதோட சார்ஜைக் கட்டுப்படுத்தற கட்-அவுட் பாக்ஸையும் எண்ணெய் துணில சுத்தி பத்திரமா வைங்க, ஒரு போல்ட்டைக் கூட பழைய இரும்புக்குப் போடாதீங்க. டேஷ்போர்டுல எல்இடி தான் பிடிக்கும்னா சார்ஜ் விளக்குக்கு மட்டும் பக்கவாட்டுல (பேரலல்ல) 68 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்னு சேர்த்துக்கோங்க, டயோடை ரெண்டுக்கும் பொதுவா வர்ற வயர்ல போடுங்க. பிராக்கெட் லேத்துல அடிக்கக் குடுக்கும்போது பெல்ட் ஓடற மூணு புல்லியும் ஒரே நேர்கோட்டுல வருதான்னு ஸ்கேல் வச்சுப் பார்த்துட்டு வாங்குங்க, கோணலா இருந்தா ஃபேன் பெல்ட் தின்னுக்கிட்டே இருக்கும்.