தோட்டத்தில் ஹீட்டர் கொளுத்திப் பனியை விரட்டியவர்கள், விரட்ட முடியாதவர்கள்: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

வெங்கட், முனிர்கா

டிவியில் ‘டெல்லியில் இன்றைய குறைந்தபட்ச வெப்பநிலை’ என்று ஆரம்பித்தாலே எனக்கு ஒரு தெர்மாமீட்டர்தான் கண் முன்னால் வருகிறது. எழுதியாவது இறக்கி வைக்கலாம் என்று பார்க்கிறேன்.

அப்போது ஆசாத்பூர் மண்டியில் ஒரு ஆப்பிள் கமிஷன் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். எங்களுக்குச் சரக்கு அனுப்பும் தோட்டக்காரர் ஒருவர், ஹிமாச்சலில் கோட்கட் பக்கம், ‘ஏப்ரலில் வா, பூ பார்க்கலாம்’ என்று கூப்பிட்டிருந்தார். (1916-ல் ஸ்டோக்ஸ் என்கிற அமெரிக்கர் ஆப்பிள் கன்று நட்டாரே, அதே கோட்கட்.) போன அன்றைக்கே வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. காற்று இல்லை. அவர் முகம் மாறிவிட்டது. பட்டறையில் சொல்லிச் செய்த ஹீட்டர்கள் நாற்பது வைத்திருந்தார். கீழே டீசல் சட்டி, மேலே இடுப்பு உயரக் குழாய், தெரியுமே. மாலையிலேயே மரத்துக்கு மரம் வைத்து, எண்ணெய் ஊற்றி, தயாராக விட்டோம். பூஜ்யத்துக்கு வந்தால் எழுப்பு என்று சொல்லித் தெர்மாமீட்டரை என்னிடம் கொடுத்துவிட்டுப் படுத்தார்.

நான் அதை வீட்டு வராந்தா தூணில், கூரைக்குக் கீழே மாட்டினேன். கம்பளியை விட்டு எழாமல் டார்ச் அடித்துப் பார்க்கலாம் இல்லையா, அதற்காக. 2 மணிக்கு 3 டிகிரி. 3 மணிக்கு இரண்டரை. சரி, பயமில்லை என்று நினைத்துக்கொண்டேன். 4 மணிக்கு அவரே எழுந்து முற்றத்தில் இறங்கினார். அவர் காலடியில் புல் நொறுங்கிய சத்தம் வராந்தாவரை கேட்டது. அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

ஓடினோம். கொளுத்தினோம். மேல் வரிசைகள் தப்பின. கீழே பள்ளத்தில் இருந்த மரங்களுக்கு நேரமாகிவிட்டது. விடிந்ததும் அவர் ஒரு பூவைப் பறித்துக் கட்டைவிரல் நகத்தால் குறுக்கே கிழித்துக் காட்டினார். இதழெல்லாம் வெள்ளையும் ரோஸுமாக ஒரு குறையும் இல்லை. நடுவில், காய் பிடிக்க வேண்டிய இடத்தில், கடுகளவு கறுப்பு. பத்து பூ கிழித்தார், ஏழில் கறுப்பு.

என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீ குடி என்றார். அப்புறம் வராந்தாவுக்குப் போய்த் தூணிலிருந்து தெர்மாமீட்டரைக் கழற்றி, தோட்டத்தில் கிளையில்லாத ஒரு கம்பத்தில் கொண்டுபோய் மாட்டினார். என் பக்கம் திரும்பவேயில்லை.

குன்னூர்க்காரி, மயூர் விஹார்

வெங்கட், படிக்கும்போதே கால் சில்லிட்டது. எங்கள் ஊரில் நவம்பரில் நீர்ப்பனி, டிசம்பர் ஜனவரியில் உறைபனி. ஆப்பிள் இல்லை, தேயிலை. அப்பாவுக்கு முக்கால் ஏக்கர், ஓடையை ஒட்டிய பள்ளத்தில். காய்ந்த புல், பெரணி எல்லாம் போட்டுச் செடியை மூடுவோம். ஹீட்டருக்கெல்லாம் வசதி ஏது? ஒரு வருடம் மூட ஆள் கிடைக்கவில்லை. அப்பா பழைய லாரி டயர் மூன்றை உருட்டிக்கொண்டு வந்து, எரித்த ஆயிலை ஊற்றிக் கொளுத்தினார். புகை எழும்பி, ஒரு உயரத்துக்கு மேலே போகாமல், தட்டு வைத்து மூடின மாதிரி அப்படியே பரந்து நின்றது. அதை நான் மறக்கவே மாட்டேன். நிலா வெளிச்சத்தில் எங்கள் தோட்டத்துக்கு மட்டும் ஒரு கறுப்புக் கூரை. அந்தப் புகை போர்வை மாதிரி இருந்து சூட்டை வெளியே விடாமல் காப்பாற்றும் என்று அப்பா சொன்னார். எனக்கு அப்போது 11 வயது. மூக்கைப் பொத்திக்கொண்டு அம்மாவின் சேலைக்குள் நின்றேன்.

கோதண்டம், ஆர்.கே.புரம்

பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மேலே சகோதரி எழுதியதைத் திருத்தியாக வேண்டும், இளைஞர்கள் படிக்கிறார்கள். புகை பனியைத் தடுக்காது. ராத்திரி நிலத்திலிருந்து வெளியேறும் வெப்பக் கதிருக்கு அலைநீளம் பெரிது, புகைத் துகள் அதற்கு முன்னால் தூசு. கொசுவலையைப் பிடித்துக்கொண்டு மழைக்கு ஒதுங்குகிற கதை. இன்னும் மோசம், காலையில் அதே புகை வெயிலை மறைக்கும், செடி சூடேறுவது தாமதமாகும். காப்பாற்றுவது நெருப்பின் சூடு மட்டும்தான். அந்தப் புகை தட்டு மாதிரி நின்றது என்றீர்களே, அது உண்மை. தெளிந்த ராத்திரியில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழே தங்கும், பத்துப் பதினைந்து மீட்டர் மேலே காற்று சில டிகிரி சூடாக இருக்கும். கீழேயிருந்து போகிற சூடு அந்த அடுக்கைத் தொட்டு நின்றுவிடும். ஹீட்டர் வேலை செய்வதே அந்த மூடி இருப்பதால்தான். பெரிய தீயாக மூட்டினால் அது மூடியைப் பொத்துக்கொண்டு மேலே போய்விடும். ஏக்கருக்கு ஒரு சொக்கப்பனை வேண்டாம், நாற்பது அகல் வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம்.

என் அனுபவம் சின்னது. 1987-ல் கலிபோர்னியா ரிவர்சைடில் மூன்று மாதப் பயிற்சி. வாடகைக்கு இருந்த வீட்டுக்காரக் கிழவரின் அப்பா ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்தவர். 1913 ஜனவரிப் பனியில் அந்தப் பக்கத்து எலுமிச்சை ஆரஞ்செல்லாம் அழிந்த பிறகு ஊரே ஹீட்டர் வாங்கியதாம். 1930-களில் ராத்திரி 8 மணிக்கு ஃப்ளாய்டு யங் என்கிற வானிலை அதிகாரி ரேடியோவில் ஊர் ஊராகப் பனி எச்சரிக்கை படிப்பார், வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் பையன்கள் மூக்கெல்லாம் கரி. 1973-ல் எண்ணெய் விலை ஏறியதும் அதற்கு மேல் கட்டுப்படியாகவில்லை, காற்றாடி இயந்திரத்துக்கு (மேலே நிற்கிற சூடான காற்றைக் கீழே இறக்குவது) மாறிவிட்டார்கள். கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்த ஹீட்டர் ஒன்றை எனக்காகக் கொளுத்திக் காட்டினார். அணைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், நான் பெரிய மேதாவி போல மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்றப் போனேன். புஸ்ஸென்று ஒரு தீ. வலது புருவம் போச்சு. இன்றைக்கும் அங்கே முடி சரியாக வளர்வதில்லை, கல்யாண வீடுகளில் மை தீட்டிக்கொள்கிறேன்.

வெங்கட்டுக்குச் சில குறிப்புகள். கூரைக்குக் கீழே மாட்டிய தெர்மாமீட்டர் வீட்டுச் சூட்டைத்தான் காட்டும், வானத்தைப் பார்த்து நிற்கிற பூவின் குளிரைக் காட்டாது. தோட்டத்தின் ஆகத் தாழ்ந்த இடத்தில், திறந்த வெளியில் வைக்க வேண்டும். குளிர்காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்துக்குத்தான் ஓடும். ஆப்பிள் முழுப் பூவில் இருக்கும்போது மைனஸ் 2.2 டிகிரி அரைமணி நேரம் இருந்தால் பத்தில் ஒன்று போகும், மைனஸ் 3.9-ல் பத்தில் ஒன்பது. மொட்டு இறுகியிருக்கும்போது இன்னும் தாங்கும். ஆக, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துத்தான் எப்போது கொளுத்துவது என்று முடிவு செய்ய வேண்டும். முதலில் எல்லாவற்றையும் கொளுத்தக் கூடாது, ஒன்று விட்டு ஒன்று கொளுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். ஓரத்து வரிசைக்கு அதிகம் வைக்க வேண்டும், அதுவும் காற்று வருகிற பக்கம். ஆகக் குளிரான நேரம் விடியற்காலை, சூரியன் எட்டிப் பார்ப்பதையொட்டி. அதுவரை எண்ணெய் இருக்கிறதா என்று முதலிலேயே கணக்குப் போட வேண்டும். தண்ணீர் தெளிப்பதானால் ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி விடும், அதுதான் பூவைக் காக்கும், ஆனால் நடுவில் நிறுத்தினால் சும்மா இருந்ததைவிட மோசம்.

இளங்கோ, சத்தர்பூர்

ஐயா, வெங்கட் குறிப்பு கேட்கவே இல்லை. அவர் அந்தத் தோட்டத்துக்கு மறுபடி போனாரா என்பதே தெரியாது.

நான் பண்ணை வீடுகளுக்குத் தோட்டம் போட்டுக் கொடுக்கிற காண்டிராக்டர். 2006 ஜனவரி 8, டெல்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 0.2 டிகிரி. அப்போது நான் வேலை பார்த்த பண்ணை வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து ஆறு ஹீட்டர் வரவழைத்திருந்தார், ஒரு ஏக்கர் பப்பாளி, எலுமிச்சைக்கு. நாற்பது அகல் கணக்கெல்லாம் அவருக்கு யார் சொல்வது? ராத்திரி 11 மணிக்கு விருந்தாளிகளோடு வந்து கொளுத்தினார். காற்றுத் துவாரத்தைச் சரியாக வைக்கத் தெரியவில்லை, எனக்கும் தெரியாது, கறுப்புக் கறுப்பாய்க் கக்கியது. ஒரு அம்மாவின் வெள்ளை பஷ்மினா சால்வையில் கரித் துகள் மெதுவாக வந்து உட்கார்ந்தது. அவர் விரலால் தட்டிவிடப் போய் நீளமாய்க் கோடு விழுந்தது. எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள்.

அங்கே தோட்ட வேலை பார்த்த மாலி, பதாவூன் பக்கத்துக்காரர், அறுபது வயது இருக்கும், என்னைப் பார்த்துச் சிரித்தார். ‘பாலா’ (இந்தியில் உறைபனி) விழுகிற ராத்திரிக்குத் தண்ணீர்தான் என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டார். போர்வெல் தண்ணீர் 20 டிகிரிக்கு மேலே இருக்கும். அந்தக் குளிரில் பாத்தியில் ஓடும்போது ஆவி பறந்தது, சாதம் வடித்த கஞ்சி மாதிரி. விடியும்வரை மண்வெட்டியோடு வரப்பை வெட்டி வெட்டி விட்டுக்கொண்டே இருந்தார். முழங்கால்வரை ஈரம். பப்பாளியில் முக்கால்வாசி தப்பியது.

காலையில் முதலாளி வந்து ஹீட்டரைத் தட்டிக்கொடுத்தார். நிஜமாகவே கையால் தட்டினார், குதிரையைத் தட்டுகிற மாதிரி. அப்புறம், ராத்திரி முழுக்க மோட்டார் ஓடியதற்கு மாலிக்குத் திட்டு. நான் பக்கத்தில்தான் நின்றேன். பில் பாக்கி இருந்தது, வாயைத் திறக்கவில்லை.

குன்னூர்க்காரி, மயூர் விஹார்

கோதண்டம் மாமா, நான் பாடம் கேட்கவில்லை, கதை சொன்னேன். புகையில் சூடு நிற்காது என்று எனக்கும் இப்போது தெரியும். அன்றைக்குச் செடி தப்பவும் இல்லை. காலையில் வெயில் பட்டதும் இஸ்திரிப் பெட்டி வைத்துத் தேய்த்த மாதிரி மேல் கொழுந்தெல்லாம் பழுப்பு. அதை எழுதாமல் விட்டது என் தப்பு.

பல வருடம் கழித்து அப்பாவிடம் கேட்டேன், புகை பிரயோஜனமில்லையாமே என்று. ‘தெரியும்டா, பக்கத்துத் தோட்டத்துக்காரன் அப்பவே சொன்னான். படுத்துக்கிட்டு எப்படி இருக்கிறது?’ என்றார்.

இளங்கோ, அந்த மாலியிடம் பிறகாவது ஏதாவது சொன்னீர்களா?

லலிதா, ஜனக்புரி

என்னுடையது தோட்டமே இல்லை, பால்கனித் தொட்டி. சிரிக்காதீர்கள். டெல்லியில் கறிவேப்பிலை வளர்க்கிறவர்களுக்குத் தெரியும், ஜனவரியில் ஒவ்வொரு இலையாகக் கொட்டிக் குச்சி மட்டும் நிற்கும். நாலு வருடம் வளர்ந்த செடி, தஞ்சாவூரிலிருந்து மாமியார் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. ஒரு ராத்திரி என் கணவர் யூடியூபில் திராட்சைத் தோட்டத்தில் மெழுகு வாளி எரிப்பதைப் பார்த்துவிட்டு (பிரான்சில் ஷப்லி என்று ஒரு ஊராம், கார்த்திகை தீபம் மாதிரியே இருக்கிறது), பழைய பெயின்ட் டப்பாவில் விளக்கெண்ணெயும் திரியும் போட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு சாண்கூடத் தள்ளி வைக்கவில்லை. காலையில் பார்த்தால் விளக்குப் பக்கம் பாதிச் செடி வறுத்த கறிவேப்பிலை. வீடு முழுக்கத் தாளித்த வாசனை. சத்தியமாக, தாளித்த வாசனை. மாமியார் ஹாலில் உட்கார்ந்துகொண்டு, ‘இன்னிக்கு என்ன, ரசமா?’ என்று கேட்டார்.

கோதண்டம், ஆர்.கே.புரம்

சகோதரி லலிதா, டெல்லியில் கறிவேப்பிலை உதிர்வது பெரும்பாலும் உறைபனியால் அல்ல. சஃப்தர்ஜங்கில் பூஜ்யத்துக்குக் கீழே போனதே அபூர்வம், 1935 ஜனவரியில் மைனஸ் 0.6 வரை போயிருக்கிறது. சாதாரணக் குளிருக்கே அது இலையைக் கொட்டும், குச்சி உயிரோடுதான் இருக்கும், பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். தொட்டியைச் சுவரோடு ஒட்டி வையுங்கள், பகலில் வெயில் குடித்த சுவர் ராத்திரி சூடு கொடுக்கும். தண்ணீரைக் குறையுங்கள். ராத்திரி பழைய வேட்டியால் மூடிக் காலையில் எடுத்துவிடுங்கள். மார்ச்சில் நுனியை வெட்டிவிடுங்கள். முக்கியமாக, குளிருக்கு அந்த டப்பாவையோ அங்கீட்டியையோ (கரி அடுப்பு) அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தாளித்த வாசனைகூட.

லலிதா, ஜனக்புரி

மாமா, செடி பிழைத்துவிட்டது. அடுத்த பதிலில் உரம் பற்றி எழுதிவிடாதீர்கள்.

இளங்கோ, சத்தர்பூர்

குன்னூர் அக்கா, சொல்லவில்லை. அந்த வருடம் ஹோலிக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அவர் மண்வெட்டி இன்னும் என் கோடவுனில் இருக்கிறது, பிடி ஒரு பக்கமாகத் தேய்ந்து.

வெங்கட், முனிர்கா

மறுபடி போனேனா என்று கேட்டதால் சொல்கிறேன். போகவில்லை. ஆனால் அந்த செப்டம்பரில் அவர் சரக்கு மண்டிக்கு வந்தது, போன வருடத்தில் பாதிப் பெட்டி. பிரித்துப் பார்த்தபோது சில ஆப்பிளில் இடுப்பைச் சுற்றிப் பழுப்பாய், சொரசொரப்பாய் ஒரு வளையம், அரைஞாண் கட்டின மாதிரி. பனி பட்டும் பிழைத்த காய்க்கு அப்படி வரும் என்று கடையில் ஒருவர் சொன்னார். விலை போகாது, தனியே ஒதுக்கினார்கள். அதில் ஒரு பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன், சீட்டில் வேறு பெயர் போட்டு. தித்திப்பாகத்தான் இருந்தது. வளையம் இருந்த இடத்தில் மட்டும் தோல் நாக்கில் உரசியது.