‘சி’ என்றால் என்ன அத்தை?

குழு: ஈப்போ வீடு (மலேசியா)
சீனப் பெருநாள் (சீனப் புத்தாண்டு), இரண்டாம் நாள்

பிற்பகல் 2.10

செல்வி அக்கா: மாலை 5 மணிக்கு அத்தை வீட்டுக் கூடத்தில் படம். பிள்ளைகள் கார்ட்டூன் கேட்கிறார்கள். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை.

பெரிய அத்தை: பெருநாளுக்கு எந்தப் படம் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. ‘கா யாவ் ஹெய் சி’. 1992 சீனப் பெருநாளுக்கு ஹாங்காங்கில் வந்தது. கிளிஃப்டன் கோ எடுத்தது. சாவ் சிங் ச்சீ, லெஸ்லி சியுங், மேகி சியுங், சாண்ட்ரா இங் எல்லாரும் ஒரே படத்தில்.

கவின்: சாவ் சிங் ச்சீ என்றால் ‘குங்ஃபூ ஹஸில்’ ஸ்டீபன் சாவ்தானே அத்தை?

பெரிய அத்தை: அவரேதான். குங்ஃபூ படம் 2004. அதற்கு எவ்வளவோ முன்பே அவர் பெரிய ஆள். 1992-இல் ஹாங்காங் வசூலில் முதல் ஐந்து இடமும் அவர் படங்களுக்குத்தான்.

யாழினி: நானும் சிங்கப்பூரில் இருந்தே அதே நேரத்துக்குப் போடுகிறேன். ஆனால் எனக்கு மாண்டரின் குரலில் ஓடுகிறது. கீழே வசனம் எழுத்தில் வருகிறது, அது போதும்தானே?

பெரிய அத்தை: போதாது யாழினி. படம் ஹாங்காங்கில் பேசும் கான்டனீஸில் எடுத்தது. ஆடியோ செட்டிங்கில் கான்டனீஸ் இருக்கிறதா பார். இல்லையென்றால் வீடியோ கால் போடு, எங்கள் டிவியைக் காட்டுகிறேன்.

ராஜன் சித்தப்பா: சிங்கப்பூரில் 1979-இல் ‘மாண்டரின் பேசுங்கள்’ இயக்கம் தொடங்கியது. பிறகு தொலைக்காட்சியில் ஹாங்காங் தொடர்களுக்கும் மாண்டரின் குரல் கொடுத்துத்தான் போட்டார்கள். இங்கே ஈப்போவில் அப்படி இல்லை. அக்கா கான்டனீஸ் படித்ததே வீடியோ கேசட் வாடகைக்கு எடுத்துப் பார்த்துத்தான்.

பெரிய அத்தை: கேசட் பிறகு வந்தது தம்பி. அதற்கு முன்பே பழைய நகரில் கோப்பிக்கடைக்குப் பின்னால் குடியிருந்தோமே, மறந்துவிட்டாயா? கிந்தா பள்ளத்தாக்கு ஈய லம்பங்களுக்கு, அதாவது ஈயச் சுரங்கங்களுக்கு, வந்த சீனர்களில் கான்டனீஸ்காரர்களும் ஹக்காக்காரர்களும் நிறைய. கடையில் பால், சீனி, ரொட்டி எது கேட்பதென்றாலும் கான்டனீஸில்தான் கேட்போம்.

கவின்: மாண்டரினில் பார்த்தால் கதை அதேதானே அத்தை? என்ன வித்தியாசம்?

பெரிய அத்தை: கதை அதேதான். சிரிப்பு போய்விடும். கொஞ்சம் பொறுமையாகப் படி. கான்டனீஸில் ‘சி’ என்று ஒரு சொல்லை எடுத்துக்கொள். ஆறு விதமாக ராகம் மாற்றிச் சொல்லலாம். ஒன்று கவிதை, ஒன்று வரலாறு, ஒன்று முயற்சி செய்வது, ஒன்று நேரம், ஒன்று சந்தை, ஒன்று காரியம். படத்தின் பெயரிலேயே அந்தக் கடைசி ‘சி’ இருக்கிறது. கா என்றால் வீடு, யாவ் என்றால் உண்டு, ஹெய் சி என்றால் மங்கல காரியம். பெருநாளுக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் சிவப்பு உறையை நாம் ‘அங் பாவ்’ என்கிறோம், அவர்கள் ‘லாய் சி’ என்பார்கள், அதிலும் ஒரு சி. நேற்று எதிர் வீட்டு ஆண்ட்டி விருந்தில் காய்ந்த சிப்பியும் தலைமுடி மாதிரி ஒரு கறுப்புப் பாசியும் சேர்த்துச் சமைத்தது சாப்பிட்டாய் அல்லவா? அதற்குப் பெயர் ‘ஹோ சி ஃபாட் சோய்’. ராகத்தைச் சற்று மாற்றினால் ‘நல்ல வியாபாரம், பணம் பெருகட்டும்’ என்று ஆகிவிடும். அதற்காகத்தான் அந்தச் சமையலே.

பெரிய அத்தை: ஆரஞ்சு கொடுத்தார்களே, அதுவும் அப்படித்தான். ஆரஞ்சும் ‘காம்’, தங்கமும் ‘காம்’. காலியான வீட்டைக்கூடக் காலி வீடு என்று சொல்ல மாட்டார்கள். காலி என்பது ‘ஹுங்’, அபசகுனமும் ‘ஹுங்’. அதனால் ‘காட் உக்’, மங்கல வீடு என்பார்கள். சாப்பாட்டு மேசையில் இப்படிப் பேசும் ஊரில் சினிமா வசனம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

ராஜன் சித்தப்பா: நம் சிலேடைதான் அது. காளமேகப் புலவர் ஒரே பாட்டைப் பாம்புக்கும் எள்ளுக்கும் பொருந்தும்படி பாடினார். அதை வேறு மொழியில் சொல்லிப் பாருங்கள், பாம்பு வரும், இல்லையென்றால் எள் வரும். இரண்டும் சேர்ந்து வராது.

கவின்: இப்போது புரிகிறது.

யாழினி: ஆடியோ கிடைத்துவிட்டது! கான்டனீஸ் இருக்கிறது.

மாலை 5.35

செல்வி அக்கா: பிள்ளைகள் வசனம் படிப்பதையே விட்டுவிட்டார்கள். அத்தை படத்தை நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார். கார்ட்டூன் கேட்டவன் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.

யாழினி: மேகி சியுங் ஹாலிவுட் படக் காட்சிகளை அப்படியே நடித்துக் காட்டும் இடம் அருமை. ஆனால் சில இடங்களில் ஏன் திடீரென்று சம்பந்தமே இல்லாமல் பேசுகிறார்கள்?

பெரிய அத்தை: அதற்கு ‘மோ லே தாவ்’ என்று பெயர். தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் பேசுவது. சாவ் சிங் ச்சீ அதில் மன்னர். காரணம் தேடாதே, அவர் முகத்தைப் பார்.

மாலை 6.05

செல்வி அக்கா: மூத்த மருமகள் வீட்டை விட்டுப் போகும் இடம். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெரிய அத்தை: சிரிப்புப் படம்தான். ஆனாலும் சாண்ட்ரா இங் அந்த மருமகளாக நடித்திருப்பதைப் பாருங்கள். மாமனார் மாமியாருக்குச் சமைத்துப் போட்டு, தலை சீவக்கூட நேரம் இல்லாமல் தேய்ந்துபோனவள். கணவன் இன்னொருத்தியைக் கூட்டி வருகிறான். எங்கள் காலத்துப் பெண்களுக்கு இது வேடிக்கை மட்டும் இல்லை. பிறகு அவள் அலங்கரித்துக்கொண்டு அவன் முன்னால் வந்து நிற்கும்போது நான் ஒவ்வொரு முறையும் கை தட்டுவேன்.

ராஜன் சித்தப்பா: லெஸ்லி சியுங்கையும் சொல்லுங்கள் அக்கா. பாடகராகவும் காதல் நாயகனாகவும் இருந்தவர் பூ அலங்காரம் சொல்லிக்கொடுக்கும் நளினமான தம்பியாக எவ்வளவு இயல்பாக வருகிறார்.

பெரிய அத்தை: 2003 ஏப்ரல் 1-ஆம் தேதி அவர் போனார். அன்றைக்கு எதிர் வீட்டு ஆண்ட்டியும் நானும் வாசலில் நின்று அழுதோம். இந்தப் படத்தில் அவர் சிரிப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

இரவு 7.20

யாழினி: முடிந்தது. வயிறு வலிக்கச் சிரித்தேன். அடுத்த வருடம் நேரில் வருகிறேன் அத்தை, என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

பெரிய அத்தை: வா. இதே வரிசையில் 1997-இலும் ஒன்று வந்திருக்கிறது, அதைப் பார்ப்போம்.

கவின்: ஆண்ட்டிக்கு நன்றி சொல்ல நாளைக்குப் போகட்டுமா?

பெரிய அத்தை: நாளை மூன்றாம் நாள், ‘சேக் ஹாவ்’. போனால் வாய்ச்சண்டை வரும் என்று யாரும் யார் வீட்டுக்கும் போக மாட்டார்கள். நாளை மறுநாள் போ. ஆண்ட்டியின் பலகாரத் தட்டு இங்கேதான் இருக்கிறது, கழுவி எடுத்துப் போ.

கவின்: சரி அத்தை.

பெரிய அத்தை: வெறும் தட்டாகக் கொடுத்துவிடாதே.

கவின்: ஹுங்! தெரியும் அத்தை. முறுக்கு வைக்கிறேன்.

பெரிய அத்தை: டப்பா மேல் தட்டில் இருக்கிறது. நிறைய வை, ஆண்ட்டிக்கு முறுக்கு என்றால் உயிர்.