சக்கர நாற்காலியில் யூ.எஸ்.பி. சொக்கெட்: எங்கேயிருந்து மின் எடுப்பது?

கடற்காற்று:
கொழும்பு வெள்ளவத்தையில் பாவிக்கிற மின் சக்கர நாற்காலி. இருக்கைக்குக் கீழே 12 வோல்ட், 35 அம்பியர்-மணி ஜெல் பற்றரி இரண்டு தொடராக, மொத்தம் 24 வோல்ட். ஜொய்ஸ்டிக் பெட்டியின் முன்பக்கத்தில் மூன்று பின் எக்ஸ்.எல்.ஆர். (வட்டப் பிளக் வகை) சார்ஜ் துவாரம். போன் சார்ஜ் பண்ண யூ.எஸ்.பி. சொக்கெட் ஒன்று பூட்ட வேணும். பாவிப்பவருக்கு வலது கை மட்டும்தான், விரலில் பிடி குறைவு. ஓட்டோவுக்கு விற்கிற 12 வோல்ட் சொக்கெட்டை ஒரு பற்றரியில் மட்டும் இணைத்தால் காணுமா?

பாட்ஸ்கடை:
காணும் தம்பி. போன் எடுக்கிறது பத்து வொட். 12 வோல்ட்டில அது ஒரு அம்பியர் கூட இல்லை. மேட்டில ஏறேக்க மோட்டர் இரண்டும் 40, 50 அம்பியர் இழுக்கிற பற்றரிக்கு இது நுளம்புக்கடி. இரண்டு வயர், ஒரு பியூஸ், அரை மணித்தியால வேலை.

நேர்முனை:
நுளம்புக்கடிதான். ஆனால் தினமும் ஒரே ஆளைத்தான் கடிக்கிறது, அதுதான் பிரச்சினை.

கணக்கைப் பாருங்கள். 5000 மில்லிஅம்பியர்-மணி போன் ஏறத்தாழ 19 வொட்-மணி. இடையில் போகும் நட்டத்தையும் சேர்த்தால் பற்றரியில் இருந்து 25. ஒரு 12 வோல்ட் பற்றரியில் மட்டும் எடுத்தால் அது 2 அம்பியர்-மணி. மோட்டர்கள் இரண்டு பற்றரியையும் சமமாக இறக்கும், சார்ஜரும் இரண்டுக்குள்ளும் ஒரே மின்னோட்டத்தைத்தான் அனுப்பும். ஆகவே சொக்கெட் இல்லாத பற்றரி முதலில் நிரம்பிவிடும். சார்ஜருக்குத் தெரிவது மொத்தம் 28.8 வோல்ட் மட்டுமே, யாருக்கு எவ்வளவு என்று தெரியாது. நிரம்பியது 15 வோல்ட்டைத் தாண்டிப் போய் வாயு விட்டு ஜெல் காயும், அதற்குத் தண்ணீர் விடவும் வழியில்லை. மற்றது 13 சொச்சத்தில் நின்றுவிடும். முழுதாக நிரம்பாத தகட்டில் சல்பேற்று படிந்து இறுகும். மறுநாளும் அதே கதை. கடைசியில் இரண்டையும் சோடியாகத்தான் மாற்ற வேண்டிவரும்.

பாட்ஸ்கடை:
சரி, விட்டுக்குடுக்கிறன். அப்ப 24 இலேயே எடுங்கோ. பெரிய பஸ், பெரிய லொறி பெரும்பாலும் 24 வோல்ட்தான். பஞ்சிகாவத்தையில பஸ் சாமான் விக்கிற கடையில கேட்டால் எடுத்துத் தருவாங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவிலயும் "12–24" எண்டு அச்சடிச்சு அடுக்கி வைச்சிருக்கு.

நேர்முனை:
அச்சடித்ததை நம்ப வேண்டாம். 24 என்பது பெயருக்குத்தான். ஜெல் பற்றரி சார்ஜ் ஆகும்போது 28.8 வரை போகும், சில ஏ.ஜி.எம். (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்த வகை) பற்றரிக்கு 29.4. நிறைந்த பற்றரியோடு சரிவில் இறங்கினால் மோட்டர்களே மின்னைத் திருப்பி அனுப்பும், அப்போது 30-ஐயும் தாண்டலாம். மலிவான சொக்கெட்டைத் திறந்து பாருங்கள்: உள்ளீட்டுப் பக்கக் கப்பாசிட்டரில் (மின்னைத் தேக்கும் உறுப்பு) 25 வோல்ட் என்று இருந்தால் அதை நாற்காலிக்குக் கிட்டக் கூடக் கொண்டுவராதீர்கள். 35 என்றால் விளிம்பில் நிற்கிறது. 50 தான் வேண்டும். திறக்க முடியாததென்றால் பெட்டியில் உள்ளீடு குறைந்தது 32 அல்லது 36 வரை என்று எழுதியிருக்க வேண்டும்.

மூன்றாம்பின்:
ஏன் எல்லாரும் ஸ்பனரோடு நிற்கிறீர்கள்? எக்ஸ்.எல்.ஆர். துவாரத்தில் நேரே செருகுகிற யூ.எஸ்.பி. அடப்டர் இருக்கிறது. 24 வோல்ட் ஏற்கெனவே அங்கே வருகிறது: ஒன்றாம் பின் நேர், இரண்டாம் பின் மறை. வெட்டுவதில்லை, துளைப்பதில்லை, உத்தரவாதத்துக்கும் பெரும்பாலும் பங்கமில்லை. ஒரே கவனம் மூன்றாம் பின்னில். அது ஓட்டத்தைத் தடுக்கிற பின். சார்ஜர் செருகியபடி நாற்காலி ஓடி வயரைப் பிய்க்கக் கூடாது என்பதற்காக, சார்ஜரின் பிளக்கில் மூன்றை இரண்டோடு இணைத்திருப்பார்கள். பழைய சார்ஜர் பிளக்கை வெட்டி அடப்டர் செய்பவர்கள் அந்த இணைப்பை எடுக்க மறந்துவிட்டு, "யூ.எஸ்.பி. போட்டதும் நாற்காலி அசையுதில்லை, கொன்ட்ரோலர் (மோட்டரை ஆளும் பெட்டி) போயிற்று" என்று அலறுவார்கள். மூன்றை வெறுமனே விட்டால் ஓடும்.

பாட்ஸ்கடை:
அது நல்ல சாமான்தான். ஆனா கேள்வியைத் திரும்ப வாசியுங்கோ. ஒரு கை, அதிலயும் பிடி இல்லை. ஒவ்வொரு இரவும் அடப்டரைக் கழற்றினால்தான் சார்ஜரைப் போடலாம். எக்ஸ்.எல்.ஆர். பிளக்கைப் பிடிச்சு இழுக்க அந்தக் கையால ஏலுமே? இன்னொண்டு, அது முன்னால ரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டு நிக்கும். சாப்பாட்டு மேசைக்குக் கீழ போகேக்க விளிம்பில முட்டினால் அடப்டர் உடையாது, துவாரம்தான் உள்ளே ஆடும். அந்தத் துவாரம் ஜொய்ஸ்டிக்கோட சேர்ந்தது. அதுக்குப் பிறகு பற்றரிக்கே சார்ஜ் ஏறாது.

மூன்றாம்பின்:
இரவில் சார்ஜரைச் செருக எப்படியும் ஒருவர் உதவிக்கு வருவாரே? அவரே கழற்றலாம். முட்டாமல் இருக்கக் குட்டையான அடப்டரும் உண்டு.

பவர்பேங்க்_போதும்:
இரண்டு பக்கத்தையும் கேட்டாச்சு. 10,000 மில்லிஅம்பியர்-மணி பவர்பேங்க் ஒன்றைக் கைப்பிடியில் பையோடு கட்டினால் வேலை முடிந்தது. 37 வொட்-மணி, போனை ஒரு தரம் முழுதாக ஏற்றி இன்னும் மிஞ்சும். நடமாட்டத்துக்கு உயிரான பற்றரியில் ஏன் கை வைக்க வேணும்? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 துணைமின் நிலையத்தில் புகுந்த ஒரு குரங்கால் நாடே இருண்டது. அப்படி ஒரு நாளில் வீட்டிலுள்ள எல்லாப் போனும் நாற்காலியில்தான் தொங்கும். பிறகு நாற்காலி நகராது.

அதோடு, நீங்கள் சொல்லுகிற மலிவுச் சொக்கெட்டுக்குள் 24-ஐ 5 வோல்ட்டாக்குகிற மாற்றியில் ஒரு டிரான்சிஸ்டர் குறுக்கே எரிந்தால் 29 வோல்ட் அப்படியே போனுக்குள் போகும். அவசரத்துக்கு அழைக்கிற போன் அதுதான் என்றால் என்ன செய்வீர்கள்?

நேர்முனை:
கடைசி வாதம் சரியானது, அதற்குப் பிறகு வருகிறேன். இருட்டுக் கணக்கு மட்டும் சரியில்லை. 24 வோல்ட் 35 அம்பியர்-மணி என்றால் பெயரளவில் 840 வொட்-மணி. நாலு போன் முழுதாக ஏற்ற 100. எட்டில் ஒரு பங்கு. நாற்காலி நின்றுவிடாது, தூரம் கொஞ்சம் குறையும். பவர்பேங்கை வெயிலில் கறுப்புப் பையில் தொங்கவிட்டு காலிமுகத்திடலுக்குப் போவதும் லித்தியத்துக்கு நல்லதல்ல. தவிர, அதையும் ஒருவர் நினைவாகச் சார்ஜ் போட வேண்டும்.

29 வோல்ட் பயத்துக்கு விடை: உள்ளே மின்மாற்றியால் பிரிக்கப்பட்ட டீ.சி.–டீ.சி. மாற்றி. 18–36 வோல்ட் உள்ளீடு, 5 வோல்ட் 3 அம்பியர் வெளியீடு என்று கேட்டு வாங்கலாம். டிரான்சிஸ்டர் எரிந்தால் பியூஸ் போகும், போனுக்கு நேர் வழி இல்லை. இதில் ஒரு கண்ணி உண்டு: வெறும் 5 வோல்ட்டை யூ.எஸ்.பி. வாயில் கொடுத்தால் போன் பெரும்பாலும் அரை அம்பியரோடு நின்றுவிடும். வாயின் நடு இரண்டு தரவு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்தால்தான் "இது சார்ஜர்" என்று விளங்கி 1.5 வரை எடுக்கும். வேகச் சார்ஜ் கிடைக்காது. நாள் முழுக்க இருக்கிற நாற்காலிக்கு வேகம் எதற்கு?

பாட்ஸ்கடை:
பூட்டிற விதத்தை நான் சொல்லுறன். சார்ஜரைக் கழற்றி, நாற்காலியை நிப்பாட்டி, பிரேக்கரை இறக்கிப்போட்டுத் தொடங்குங்கோ. மோதிரம், கைச்சங்கிலி கழற்றுங்கோ, ஸ்பனர் பிடிக்கு ரேப் சுத்துங்கோ. 0.75 சதுர மில்லிமீற்றர் இரட்டை உறை வயர். தொடரின் இரண்டு வெளி முனை: ஒரு பற்றரியின் நேர், மற்றதின் மறை. நடுவில இரண்டையும் இணைக்கிற கட்டை வயரில தொடவே கூடாது. நேர் முனையில இருந்து ஒரு சாணுக்குள்ள 3 அம்பியர் பிளேட் பியூஸ். பியூஸுக்கு முன்னால உள்ள துண்டு வயர் குறுக்கே போனால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாயும், அதைத் தடுக்க ஒண்டும் இல்லை. அதாலதான் அந்தத் துண்டு கட்டையா இருக்கோணும்.

வயர் நுனியில இருக்கிற உலோக வளையத்தைப் போல்ட்டில வைக்கிற வரிசை முக்கியம். தடிச்ச மோட்டர் வயரின் வளையம் பற்றரி முனையில நேரே இருக்கோணும், எங்கட சின்ன வளையம் அதுக்கு மேல. மாறி வைச்சால் மோட்டர் கரண்ட் முழுக்க அந்த மெல்லிய தகடுக்குள்ளால போய்ச் சுடும், முனை உருகும். பற்றரிப் பெட்டியைக் கழற்ற வசதியா நடுவில செருகி ஒண்டு போடுங்கோ. இல்லாட்டி நாற்காலியை வான் வண்டியில ஏத்திற நாள் வயர் பியஞ்சு வரும். மறையை நாற்காலிச் சட்டத்தில அடிச்சால் ஒரு வயர் மிச்சம்.

நேர்முனை:
எல்லாம் சரி, கடைசி வசனம் மட்டும் ஓட்டோ வேலை! வாகனத்தில் உடல்தான் மறை. மின் சக்கர நாற்காலியில் சட்டம் இரண்டு முனையிலிருந்தும் பிரிந்து இருக்க வேண்டும். மறையைச் சட்டத்தில் அடித்துவிட்டால், பிறகு எங்காவது ஒரு நேர் வயரின் உறை தேய்ந்து சட்டத்தில் பட்டாலே முழுக் குறுக்குச்சுற்று. பிரிந்திருந்தால் அந்த ஒரு பழுதால் ஒன்றும் ஆகாது. உலோக உறையுள்ள சிகரெட் லைட்டர் சொக்கெட்டும் இதே வேலையைக் காட்டும், அதன் உறையே மறை முனை. பிளாஸ்டிக் உடல் வாங்குங்கள்.

பாட்ஸ்கடை:
ஓம், அது பழக்கதோஷம். இரண்டு வயரும் சொக்கெட் வரைக்கும் போகட்டும்.

மூன்றாம்பின்:
ஜொய்ஸ்டிக் வயரில் இருந்து யாரும் பிரித்து எடுக்க வேண்டாம் என்பதையும் எழுதிவிடுங்கள். அதில் மின்னோடு கட்டளையும் போகிறது. மலிவு மாற்றியின் இரைச்சல் பக்கத்தில் போனாலும் நல்லதல்ல. சக்கர நாற்காலிக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 7176 இன் 21ஆம் பகுதி முழுக்க இந்த மின்காந்தத் தொல்லையைப் பற்றித்தான். நாற்காலி சோதிக்கப்பட்டது உங்கள் சொக்கெட் இல்லாமல். அடப்டரை ஒரு இழுப்பில் அகற்றலாம், பூட்டினதை அகற்ற ஏலாது. உத்தரவாதம் முடியாத நாற்காலியென்றால் நான் இன்னமும் என் பக்கம்தான்.

நேர்முனை:
உத்தரவாதம் இருந்தால் நானும் உங்கள் பக்கம். இல்லையென்றால் வயரை மோட்டர் வயருக்கும் ஜொய்ஸ்டிக் வயருக்கும் எதிர்ப்பக்கச் சட்டத்தால் கொண்டுபோங்கள். இருக்கை சாயும் இடத்தில் ஒரு வளையம் தொய்வாக விடுங்கள்.

பவர்பேங்க்_போதும்:
தோற்றுவிட்டேன் என்று எழுத மாட்டேன். பூட்டுகிறதென்றால் சொக்கெட் வாயைக் கீழ்நோக்கி, வலது கைதாங்கியின் உட்பக்கத்தில் வையுங்கள். வெளிப்பக்கம் வைத்தால் கதவு நிலையில் தேய்படும். மேல்நோக்கி வைத்தால் மழையும் கடல் உப்பும் இறங்கிப் பச்சை பூக்கும். போன் பக்கத்துக்குக் காந்த முனைக் கேபிள். கிட்டக் கொண்டுபோனால் தானே ஒட்டும், பிடி தேவையில்லை. சொக்கெட் பக்கத்தை நிரந்தரமாகச் செருகி விடுங்கள்.

கடற்காற்று:
நன்றி எல்லோருக்கும். உத்தரவாதம் முடிந்த நாற்காலி, அதனால் பிரித்த மாற்றியோடு பூட்டப் போகிறேன். இரவில் நாற்காலி சார்ஜ் ஆகும்போது போனையும் இதில் விடலாமா? நீல எண்ணில் வோல்ட் காட்டுகிற சொக்கெட் நல்லதா?

நேர்முனை:
இரவில் விடாதீர்கள். மின்னோட்டம் அரை, ஓர் அம்பியருக்குக் குறைந்தால்தான் பல சார்ஜர்கள் "நிரம்பியது" என்று முடிவெடுக்கும். போன் இடையில் அரை அம்பியர் இழுத்தால் அது முடிவெடுக்காமல் உயர் வோல்ட்டிலேயே நிற்கும். இரவில் போனுக்குச் சுவர்ச் சொக்கெட்.

நீல எண் 20 மில்லிஅம்பியர் எடுக்குமென்றால் நாளுக்கு 0.48, முப்பது நாளில் 14 அம்பியர்-மணிக்கு மேல். ஆஸ்பத்திரியிலோ ஊரிலோ ஒரு மாதம் நின்றால் நாற்காலி பற்றரியின் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். எண் இல்லாத சொக்கெட்டை வாங்கி, மாற்றிக்கு முன்னால் சுவிச் வையுங்கள், மாற்றியே சும்மா நின்றாலும் கொஞ்சம் குடிக்கும்.

பூட்டி முடிந்ததும் போனைச் செருக முன் இரண்டு சோதனை. மல்டிமீற்றரை ஓமில் வைத்து, பியூஸைக் கழற்றி, சட்டத்துக்கும் சொக்கெட்டுக்கு வரும் இரண்டு வயருக்கும் இடையே பாருங்கள், தொடர்பு இருக்கக் கூடாது. பிறகு பியூஸின் இடத்தில் மீற்றரைத் தொடராக வைத்துச் சுவிச்சைப் போடுங்கள், 10 அம்பியர் துவாரத்தில். 200 மில்லிஅம்பியர் பக்கத்தில் வைத்தால் கப்பாசிட்டர் நிரம்புகிற முதல் இழுப்பிலேயே மீற்றருக்குள் இருக்கிற பியூஸ் போய்விடலாம். சுவிச்சை அணைத்ததும் 0.00 காட்ட வேண்டும்.

பாட்ஸ்கடை:
அந்த மீற்றர் பியூஸ் புறக்கோட்டையில கிடைக்கும். வேகமா எரியிறது எண்டு கேளுங்கோ.