அம்மம்மாவிடம் போனில் எண் கேட்கிறார்கள், எங்கே முறையிடலாம்?

கல்லடிப் பேத்தி: அம்மம்மாவுக்கு 74 வயது. நேற்று ஒருவன் வங்கியில் இருந்து பேசுகிறேன் என்று சொல்லி, போனுக்கு வந்த 6 இலக்க எண்ணைக் கேட்டிருக்கிறான், அவவும் கண்ணாடியைத் தேடிப் போட்டுப் பாதி வாசித்த பிறகுதான் நான் போனைப் பறித்தேன். இன்னும் கை நடுங்குகிறது அவவுக்கு.

களுவாஞ்சிகுடியான்: அது ஓடிபி, ஒருமுறை மட்டும் பாவிக்கிற இரகசிய எண் தங்கச்சி, வங்கிக்காரர் ஒருநாளும் கேட்கமாட்டார்கள். முதலில் வங்கிக்கு அறிவியுங்கள், அப்புறம் 101க்கு எடுங்கள், அது கணினி, இணையப் பாதுகாப்பைப் பார்க்கிற அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டின் இலக்கம். அவவை ஏசிவிடாதீர்கள், ஏசினால் அடுத்த முறை சொல்லவே மாட்டா.

அக்கரைப்பற்று உம்மா: பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் பாருங்கள் மகள். 60 தாண்டியவர்களுக்கு முதியோர் அடையாள அட்டையும் அங்கேதான் எடுக்கலாம்.

கல்லடிப் பேத்தி: சரி, நாளைக்கே கூட்டிப் போகிறேன்.