இலையிலுள்ள கைட்டினேஸ் நொதி: சாறெடுத்துத் தெளித்தால் பூஞ்சையைத் தடுக்குமா?

கொடிக்கால் (கேள்வி):
இலைகளில் உருவாகும் கைட்டினேஸ், பீட்டா-1,3-குளுக்கனேஸ் ஆகிய நொதிகள் பூஞ்சையின் செல் சுவரைச் சிதைக்கின்றன என்று பாடத்தில் படித்தேன். எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்காலும் சிறிது தக்காளியும் உள்ளன. நோயில்லாத பீன்ஸ் இலைகளை அரைத்து வடிகட்டித் தெளித்தால், அந்த நொதிகள் இவற்றையும் காக்குமா?

இலைநரம்பு:
நோயில்லாத இலையைத் தேர்ந்தெடுப்பதிலேயே சிக்கல் இருக்கிறது, ஏனெனில் அதில் கைட்டினேஸ் மிகக் குறைவு. பீன்ஸ் இலைகளை, செடிகளே ஹார்மோனாக உருவாக்கும் எத்திலீன் வாயுவில் வைத்தபோது முதல் 6 மணி நேரம் மாற்றம் ஏதுமில்லாமல் இருந்து, 24 மணி நேரத்துக்குள் நொதியின் செயல்பாடு சுமார் 30 மடங்கு உயர்ந்ததாக 1983இல் வெளியான ஆய்வு காட்டியது. அவ்வாறு தூண்டிய இலைகளிலிருந்து பிரித்துத் தூய்மையாக்கிய நொதிதான் பூஞ்சை இழைகளின் வளர்ச்சியைத் தடுத்தது என்று 1986இல் நிறுவினார்கள். அந்தச் சோதனையில் தடுக்கப்பட்ட பூஞ்சை, நோய்ப் பூஞ்சைகளை ஒடுக்க நாம் காசு கொடுத்து வாங்கி வயலில் இடும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி என்பது வேறு கதை.

மேலும், மிக்சியில் அரைத்த சாறு சற்று நேரத்தில் பழுப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது ஆக்சிஜனேற்றம் அடையும் ஃபீனால்கள் என்னும் இலைச் சேர்மங்கள் புரதங்களோடு பிணைந்து அவற்றை முடக்குகின்றன, நொதியும் புரதமே. கொதிக்க வைத்த கஷாயத்தில் அது செயலிழந்துவிடும். ஆகவே கஷாயங்களால் பலன் கிடைக்கிறது என்றால், அதற்கு இந்த நொதிகளைக் காரணம் காட்ட இயலாது.

நுண்ணோக்கி:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் இலைக்குள் இந்நொதி செய்யும் வேலையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். வளரும் இழையின் நுனியில், பூஞ்சைச் சுவரின் நார்ப்பொருளான கைட்டின் புதிதாகப் படிந்து, மூடப்படாமல் இருப்பதால் நொதியின் தாக்குதல் அங்கே பலிக்கிறது. முதிர்ந்த சுவரில் குளுக்கன் என்னும் மற்றொரு சுவர்ப்பொருள் அதை மூடியிருப்பதால், குளுக்கனேஸும் சேர்ந்தால்தான் வலு கூடுகிறது. சிதைந்து விழும் கைட்டின் துணுக்குகளைச் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள் உணர்ந்து, எதிர்ப்பை மேலும் முடுக்கிவிடுகின்றன. என் பார்வையில் சுவரை உடைப்பதைவிட இந்த எச்சரிக்கையே முக்கியமானது. இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானைத் தெளிப்பதும் இலையின் இந்த எதிர்ப்பைத் தூண்டுவதற்காகத்தான்.

பூஞ்சையும் சும்மா இருப்பதில்லை. தக்காளி இலைப்பூசண நோயை உண்டாக்கும் கிளாடோஸ்போரியம் ஃபுல்வம், அவிஆர்4 என்னும் புரதத்தைச் சுரந்து, தன் கைட்டின்மேல் போர்த்திக்கொண்டு கைட்டினேஸிலிருந்து தப்புகிறது.

கொடிக்கால்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால், கைட்டோசானால் தூண்டப்படும் கைட்டினேஸ் வெற்றிலையின் கால் அழுகலைத் தடுக்குமா?

இலைநரம்பு:
கைட்டினேஸை நம்ப வேண்டாம். கால் அழுகலை உண்டாக்கும் ஃபைட்டோஃப்தோரா உண்மையான பூஞ்சை அன்று. அதன் சுவர் பெரும்பாலும் செல்லுலோஸாலும் குளுக்கனாலும் ஆனதால், கைட்டினேஸுக்கு அங்கே வேலை மிகக் குறைவு. குளுக்கனேஸ் ஓரளவு தாக்கக்கூடும் என்றாலும், சோயாவைத் தாக்கும் ஃபைட்டோஃப்தோரா இனம் அந்நொதியையே தடுக்கும் புரதங்களைச் சுரக்கிறது. கொடிக்காலில் தண்ணீர் தேங்காமல் வடித்துவிட்டு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த 1 சதவீத போர்டோ கலவையைக் கொடியின் அடியில் ஊற்றுங்கள்.