கரப்பானோடு கூட வந்தவை

உப்புவெளி:
மகனுக்கு ஆறு மாதக் குழந்தையிலிருந்தே கரப்பான், எக்ஸிமா என்கிற தோல் அரிப்பு. முழங்கை மடிப்பும் முழங்கால் பின்பக்கமும் சொறிந்து சொறிந்து தடித்துக் கிடக்கும். அதற்குப் பழகிவிட்டோம். போன ஆடியில் இரண்டு கன்னத்திலும் வெளிறிய வட்டங்கள் வந்தபோதுதான் பயந்து போனேன். கடற்கரையில் பந்தடித்து முகம் கறுக்கக் கறுக்க, வட்டம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. மாமி தேமல் என்றார். பக்கத்து வீட்டு அக்கா குரலைத் தாழ்த்தி, "வெண்குட்டமோ தெரியாது, காட்டுங்கோ" என்றார். அன்றிரவு எனக்கு நித்திரையே இல்லை.

முதலில் பார்மசியில் தேமல் களிம்பு வாங்கி ஒரு மாதம் பூசினேன். ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம்தான் தோல் டொக்டரிடம் போனோம். அறையை இருட்டாக்கி, ஊதா விளக்கைக் கன்னத்தில் பிடித்துப் பார்த்தார். வெண்குட்டம் என்றால் பால்வெள்ளையாக ஒளிருமாம், ஓரமும் வெட்டினாற்போல் இருக்குமாம். இவனுக்கு ஓரம் மங்கல், மேலே மெல்லிய செதில். பெயர் பிட்ரியாசிஸ் ஆல்பா. கரப்பான் உள்ள பிள்ளைகளுக்கு அடிக்கடி வருவதாம், தொற்றாது. ஈரப்பதம் தரும் கிறீம் பூசி, வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு பொறுத்திருக்கச் சொன்னார். எட்டு மாதமாகிறது. ஒரு கன்னம் சரி, மற்றது பாதி.

உங்கள் வீட்டில் கரப்பானோடு வேறு என்ன வந்தது?

திருக்கடலூர்:
எனக்குக் கணுக்காலுக்கு மேலே மீன் செதில். மீன் பிடிக்கிற ஊரில் பிறந்தவனுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன பட்டம் கிடைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை! கச்சான் காற்று வீசும் மாதங்களில் தோல் வெடிக்கும், மாரியில் அடங்கும். வைத்தியர் இக்தியோசிஸ் என்றார். அந்தப் பெயரே கிரேக்க மொழியில் மீனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாம், போகட்டும். தோலின் ஈரத்தைக் காக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதம் எங்களுக்குக் குறைவு. அதன் மரபணுக் கோளாறுதான் காரணம் என்று 2006இல் கண்டுபிடித்தார்கள். அதே கோளாறு கரப்பானுக்கும் வழிவிடுகிறது. மேற்கையில் கோழித்தோல் போல மொட்டு மொட்டாக இருப்பதும் இவற்றோடு சேர்ந்து வருவதுதான்.

சின்ன வயதில் பெரியப்பா கன்னியாவுக்குக் கூட்டிப்போய் ஏழு கிணற்றுச் சுடுதண்ணீரையும் தலையில் ஊற்றினார். அன்றிரவு அரிப்பில் பாயைக் கிழித்தேன். சூடு, தோலில் இருக்கிற கொஞ்ச எண்ணெயையும் கழுவிவிடும். இப்போது குளித்து ஈரம் காய முன் யூரியா கிறீம் பூசுகிறேன்.

பாலையூற்று:
தங்கச்சி, இதைக் கட்டாயம் எழுத வேண்டும். என் மகளுக்கு ஒன்றரை வயதில் கழுத்துக் கரப்பான் மேல் ஒரே அளவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள், உடைந்தால் குழி விழுந்த புண். காய்ச்சலும் கூடவே. முதலில் காட்டிய இடத்தில் கரப்பான் கூடிவிட்டது என்று பழைய களிம்பையே தந்து அனுப்பினார்கள். மறுநாள் கண்ணருகே ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்து நரம்பு வழியாக அசைக்ளோவிர் என்ற மருந்தை ஏற்றினார்கள். ஹெர்பீஸ் கிருமியாம். அதற்கு முந்தின வாரம் என் வீட்டுக்காரருக்கு உதட்டில் காய்ச்சல் கொப்புளம், அதுவும் அதே கிருமிதான். பிள்ளையைக் கொஞ்சாமல் இருப்பாரா?

உப்புவெளி:
அக்கா, எனக்கும் உதட்டில் அது வருவதுண்டு. மகனும் நானும் ஒரே துவாயைத்தான் பாவிக்கிறோம். இப்போதே போய் அவனுக்கு வேறு எடுத்து வைக்கிறேன்.